மன்னாரில் ஓட்டோ அண்ணாவோடு அரை நாள் (காற்றாலைக் கதையும் சேர்த்து)

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். வெட்டிய ஒன்று சாப்பாட்டுக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நானும் அம்மாவும் 2025 ஒக்டோபர் நடுவில் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் போய் இறங்கி, பஸ் நிலையத்தடியிலேயே ஒரு ஓட்டோவைப் பிடித்தோம். அரை நாளுக்கு 6,500 ரூபா கேட்டவர் 6,000க்கு இறங்கினார். பள்ளிமுனைப் பெருக்கமரம், கோட்டை, தலைமன்னார் பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு எல்லாம் அதற்குள் அடக்கம். இவை எல்லோரும் காட்டுகிறவைதான். பெருக்கமரத்தைக் கையை விரித்து அளக்கத் தொடங்கிய அம்மா பாதியில் கைவிட்டார், கழுதைகள் ஹோர்னுக்கு விலகாது, அவ்வளவுதான்.

காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது தென்கரைக்காக. தாழ்வுபாட்டுப் பக்கம் கடலோரமாகத் தம்பபவனி காற்றாலை வரிசையாக நிற்கிறது. 30 கோபுரம், 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் மின்சார சபையே கட்டி 2020 டிசம்பரில் திறந்தது. கிட்டப் போனால் விமானம் மாதிரி இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, பெரிய சேலையை உதறி உதறிக் காயப்போடுகிற மாதிரி ஒரே தாளத்தில் ஒரு சத்தம். பத்து நிமிஷத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு படுப்பவர்கள் என்ன சொல்வார்களோ. விசிறிகள் சோம்பலாகச் சுற்றின. "சோளகத்தில (தென்மேல் காற்றுக் காலம்) வந்திருக்க வேணும் தம்பி, இப்ப காத்து விழுந்திட்டுது" என்றார் அண்ணா.

நான் சும்மா இருக்காமல், இந்தியக் கம்பனி அதானியின் காற்றாலை எங்கே என்று கேட்டேன். அவர் ஓட்டோவை ஓரங்கட்டி, பனையும் பற்றையுமாகக் கிடந்த ஒரு காணியைக் காட்டி, "அதுதான், வடிவாப் பாருங்கோ" என்றார். அம்மா உண்மையிலேயே கண்ணைச் சுருக்கித் தேடினார்.

இனி அவர் சொன்ன கதை. வீட்டுக்கு வந்து பழைய பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றிரண்டு தேதியில்தான் சறுக்கல், அவற்றைத் திருத்தியே எழுதுகிறேன். நாடு டொலர் இல்லாமல் இந்தியக் கடனை நம்பிக் கிடந்த 2022 மார்ச்சில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை கட்ட அதானியோடு ஒப்பந்தம் போட்டார்கள். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கிடையாது. ஜூன் 9ஆம் திகதி, போட்டி விலை கேட்காமலே பெரிய மின் திட்டங்களைக் கொடுக்க வழிவிடும் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த நாளே மின்சார சபையின் அப்போதைய தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழு முன்னால், திட்டத்தை அதானிக்குக் கொடுக்கச் சொல்லி மோடி வற்புறுத்துகிறார் என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டார். கோட்டாபய மறுத்தார். பெர்டினாண்டோவும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வாபஸ் வாங்கி, சில நாளில் பதவியையும் விட்டார். அந்தக் காணொளி அண்ணாவின் போனில் இன்னும் இருக்கிறது, வெயிலுக்குள் கையால் மறைத்து மறைத்துக் காட்டினார்.

கோட்டாபய போய் ரணில் ஜனாதிபதியாக வந்த பிறகும் திட்டத்தைக் கைவிடவில்லை. 484 மெகாவாட், 442 மில்லியன் டொலர் முதலீடு, 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், அதுவும் 20 வருடத்துக்கு. சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அடுத்து ஜனாதிபதியான அநுர, தேர்தலுக்கு முன்னமே இதை நிறுத்துவேன் என்றவர், வந்த பிறகு விலையைக் குறைக்கப் பேசினார், 2025 ஜனவரியில் பழைய விலை ரத்தானது, பெப்ரவரியில் கம்பனி தானே விலகிக்கொண்டது.

இதற்கிடையில் அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குக் கேள்விப்பத்திரம் கோரியபோது கிடைத்த விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவுத் திட்டமில்லை, அப்படியே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது என்பார்கள். சரி, ஆனால் அதே கடற்கரை, அதே காற்று. மரக்கறி வாங்கவே நாலு கடை ஏறி இறங்கும் அம்மா இந்த இடத்தில்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "விலை கேக்காமலே வாங்கினவங்களோ?"

அநுர வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன், அதையும் அண்ணா விடவில்லை. அந்த மலிவான 50 மெகாவாட்டும் இன்னொரு 20 மெகாவாட்டுமாகச் சேர்ந்து 14 கோபுரங்களுக்கு எதிராகத்தான் ஓகஸ்டில் ஊர் திரண்டது. ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார், பிறகு செப்டெம்பர் 26 இரவு பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மறித்த சனத்தைப் பொலிஸ் அடித்து விலக்கியது. பாதையும் அத்திவாரமும் மழைத்தண்ணி ஓடும் வழியை மறிக்கின்றன, கரையில் மீன் குறைந்துவிட்டது, வலசை வரும் பறவைகளுக்கும் கேடு என்பவை ஊர்க்காரரின் முறைப்பாடுகள். இனி மக்களின் சம்மதம் இல்லாமல் புதிது வராது என்று அதன் பிறகு அரசாங்கம் சொன்னது. நம்புகிறீர்களா என்று கேட்டேன். அண்ணா பதில் சொல்லாமல் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.

குறைகளுக்கு வருகிறேன். கதை நீண்டதில் மதியம் இரண்டு மணி தாண்டி, அவர் கூட்டிப்போன பேசாலைச் சாப்பாட்டுக் கடையில் மீன் முடிந்து சோறும் சொதியும்தான் மிச்சம், விலை மட்டும் மீனோடு சேர்த்துப் போட்ட மாதிரி. தென்கரையில் கழிவறை கிடையாது, வயதானவர்களோடு போனால் முதலே யோசியுங்கள். அவர் ஆர்வமாகப் பேசும்போது ஹாண்டிலில் ஒரு கைதான் இருக்கும். பூநாரை பார்க்க ஒக்டோபர் சரிவராது, தை மாதம் போங்கள். சாப்பாட்டை மன்னார் டவுனிலேயே கட்டிக்கொண்டு ஏறுங்கள், தண்ணீர் இரண்டு போத்தல்.