ஜெய்ப்பூர் பொய்க்கால்: வன்னியில் பாவிப்பவனின் மதிப்பீடு

முழங்காலுக்குக் கீழே அணியும் ஜெய்ப்பூர் பொய்க்காலைப் பல ஆண்டுகளாகப் பாவித்து வருகிறேன். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, நாங்கள் மீள்குடியேறி, பற்றைக்காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவு செய்துகொண்டிருந்த நாட்களில் மிதிவெடியில் இடது காலை இழந்தவன் நான். வயல், வீடு, கோயில் என்று நடமாடும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான காலை நான் இதுவரை அணிந்ததில்லை. ஆனால் இதன் ஆயுள் மிகவும் குறைவு. அந்தக் குறையே எல்லாவற்றிலும் பெரியது என்பதால், இந்த மதிப்பீட்டிலும் அதற்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

1960களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு முறிவு நிபுணர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய பாதம் இது. அதற்கு முன்னர் கிடைத்த மேற்கத்தேயப் பாதங்கள் சப்பாத்துக்குள் மறைந்திருக்க வேண்டியவை, கணுக்காலில் வளையாதவை. சப்பாத்தே போடாமல் உழுது, குந்தியிருந்து சமைத்து, சம்மணமிட்டுச் சாப்பிடும் மக்களுக்கு அவை உதவவில்லை. ஜெய்ப்பூர் பாதம் றப்பரையும் மரக்கட்டையையும் அச்சில் இட்டு, வேகவைத்து இறுக்கிச் செய்யப்படுவது. விரல்கள் பிரிந்து தெரியும், நிறமும் தோலின் நிறந்தான். எல்லாப் பக்கமும் ஓரளவு வளைந்து கொடுப்பதால் வரம்பில் நடக்கும்போது நிலத்தின் மேடுபள்ளத்தை அது தானே ஏற்றுக்கொள்கிறது. சேற்றுக்குள் இறங்கலாம், பிறகு கிணற்றடியில் வந்து கழுவிவிடலாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் மணலில் மற்றவர்களைப் போலவே வெறுங்காலுடன் நிற்கிறேன். இது சிறிய விடயம் என்று நினைப்பவர்கள், கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் வெளியே நின்று கும்பிட்டவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

செய்யும் முறையும் எளிமையானது. எஞ்சிய காலில் ஈரமான பிளாஸ்ரர் துணியைச் சுற்றி அளவெடுப்பார்கள். அந்தக் கூட்டுக்குள் சாந்தை ஊற்றிக் காலின் பிரதி ஒன்றை வார்த்து, எலும்பு முனை தட்டும் இடங்களில் சாந்தைக் கூட்டியும் சதை தாங்கும் இடங்களில் அராவிக் குறைத்தும் திருத்துவார்கள். பிறகு, தண்ணீர்க் குழாய் செய்யும் அதே வகைப் பிளாஸ்ரிக் குழாயைச் சூடாக்கி இளக்கி, அந்தப் பிரதியின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தபோதே இதைச் செய்ய முடிந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் கால் நன்றாக அமைவதும் அமையாததும் அந்த அராவும் கையைப் பொறுத்தது. ஒரே இடத்தில் செய்த இரண்டு கால்கள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை.

இனி குறைகள். பங்குனி, சித்திரை வெயிலில், எஞ்சிய காலை நுழைக்கும் பிளாஸ்ரிக் குழிக்குள் வியர்வை தேங்கும். துணி உறையை மத்தியானம் ஒரு தடவையாவது மாற்றாவிட்டால் தோல் உரிந்து புண்ணாகும். நடக்க நடக்க எஞ்சிய கால் மெலியும், குழி தளரும். இரண்டு உறை, மூன்று உறை என்று போட்டுச் சமாளித்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிதாக அளவெடுப்பதைத் தவிர வழியில்லை. விரல்களுக்குக் கீழே றப்பர் வெடிக்கும். வயல் வேலை செய்பவனுக்கு இன்னும் சீக்கிரம் வெடிக்கும். கவனமாகப் பாவித்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் தாங்கும். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். 2009இல் இருபது வயதில் காலை இழந்த ஒருவர் எழுபது வயது வரை வாழ்ந்தால் அவருக்குக் குறைந்தது பதின்மூன்று பொய்க்கால்கள் தேவை.

போரின் செலவைக் கணக்கெடுப்பவர்கள் இந்தப் பதின்மூன்றையும் சேர்ப்பதில்லை. 2010இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இந்திய அரசின் உதவியுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஜெய்ப்பூர் கால் பொருத்தினார்கள். அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கால்கள் எல்லாம் எப்போதோ தேய்ந்து முடிந்திருக்கும், அணிந்தவர்களோ இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் போன்றவைதான் இப்போதும் கைகொடுக்கின்றன. அவை பெரும்பாலும் நன்கொடையில் ஓடுபவை; நன்கொடையாளர்களின் கண்ணோ புதிய போர்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. கால் இலவசமாகவே கிடைத்தாலும், முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து பேருந்து ஏறி, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, தங்கி, அளவு கொடுத்து, திருத்தி வாங்கி வருவதற்குள் கூலிவேலை செய்பவருடைய கிழமை வருமானம் போய்விடும்.

அரசிடம் பணம் இல்லை என்ற பதிலை நான் முழுதாக ஏற்பதில்லை. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் இலங்கை இராணுவத்தில் இரண்டு இலட்சம் பேர் இருந்தார்கள். நாடு வங்குரோத்தான பிறகுதான், 2023 சனவரியில், அதை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அந்தப் படையின் பேரால் காலை இழந்தவர்களும் சுகமாக வாழவில்லை. பன்னிரண்டு ஆண்டு சேவையை முடிக்கும் முன்னரே ஊனமுற்ற சிங்களக் கிராமத்து இளைஞர்கள், தங்களுக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று 2017இல் கொழும்பு வீதியில் உட்கார வேண்டியிருந்தது. கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் அரசாவது இருந்தது. இந்தப் பக்கத்தில் முன்னாள் போராளிகளுக்கு அப்படிக் கேட்கும் உரிமையே கிடையாது. என்னைப் போன்ற பொதுமக்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவுக்கான பெயர்ப்பட்டியலில் இடம் கிடைத்தாலே போதும் என்ற நிலை.

புதிதாகக் கால் தேவைப்படுபவர்கள் இனி வரமாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி வெடிகளும் இராணுவம் புதைத்த பி4 வெடிகளும் முன்பு போர்முனையாக இருந்த முகமாலைப் பகுதியில் நெருக்கமாகக் கிடந்தன. இலங்கை 2017 டிசம்பரில்தான் ஒட்டாவா மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது, 2028 யூனுக்குள் முழு நிலத்தையும் துப்புரவாக்க வேண்டும் என்பது கெடு. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அந்த வெயிலில் முழந்தாளில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள்.

முதன்முறையாக இந்தக் கால் போடப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புண் முழுமையாக ஆறி வீக்கம் வற்றும் வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு எடுத்த அளவு சில மாதங்களிலேயே பொருந்தாமல் போகும். தடித்த உறை, மெல்லிய உறை இரண்டையும் கொண்டுபோங்கள். புதிய காலை அங்கேயே நடந்து பாருங்கள், குந்தி எழும்பிப் பாருங்கள், படி ஏறி இறங்குங்கள். குத்துகிற இடத்தை வெட்கப்படாமல் சொல்லித் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவதற்கு இன்னொரு பயணம் வேண்டும். பழைய காலை எறிந்துவிடாதீர்கள், புதியது பழகும்வரை சேற்று வேலைக்கு அது உதவும்.