வேகமான பெட்ரோலா, மெதுவான டீசலா: பழைய மோட்டார் குரூசர் வாங்குமுன்

பழைய மோட்டார் குரூசர் (உள்ளே தங்க அறையுள்ள என்ஜின் படகு) விளம்பரங்களைப் புரட்டினால், ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு ரகப் படகுகள் மாறி மாறிக் கண்ணில் படும். ஒன்று 30 அடி நீளம், 20-25 வயது, பின்பக்கம் இரண்டு பெட்ரோல் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், ஸ்டெர்ன்டிரைவ் (என்ஜின் உள்ளே, புரொப்பல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே), படுத்து உருள இடம், பார்த்தவுடன் மயங்கும் தோற்றம். மற்றது 32 அடி, வயது நாற்பதுக்கு மேல், நடுவில் ஒற்றை டீசல் என்ஜின், புரொப்பல்லர் வரை நேரான ஷாஃப்ட் (சுழல் தண்டு), கொஞ்சம் கிழட்டுக் களை. அதை டிராலர் ரகம் என்பார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டும் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது?

விலையை வைத்து முடிவு செய்யவே கூடாது என்பது என் கட்சி. வருடப் பராமரிப்புக்கு வாங்கிய விலையில் பத்து சதவீதம் ஒதுக்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பழைய படகுக்கு அது பொருந்தாது. விலை இறங்கிவிடுகிறது, ஆனால் பெயின்ட், கிரேன், நிறுத்துமிட வாடகை எல்லாம் படகின் நீளத்தைப் பார்த்தே வசூலாகின்றன. உதிரிபாகத்துக்கும் படகின் வயது தெரியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எது கெட்டால் கை வைத்துச் சரிசெய்ய முடியும், எது கெட்டால் படகையே பிரிக்க வேண்டும்?

முதலில் வேகம். டிராலர் தண்ணீரைக் கிழித்துப் போகிறது, மேலே எழும்பி வழுக்குவதில்லை. அதன் எல்லையை நீர்க்கோட்டு நீளமே, அதாவது தண்ணீர்மட்டத்தில் படகின் நீளமே தீர்மானிக்கிறது. அடிக்கணக்கில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வரும் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம்தான் வரம்பு. 30 அடி நீர்க்கோட்டுக்கு 7.3 நாட். அதற்கு மேல் தள்ளினால் எரிபொருள் போகும், வேகம் வராது. வேகக் குரூசரோ எழும்பி ஓடுவதால் 20 நாட்டைத் தாண்டும்.

இதை 100 கடல்மைல் பயணத்துக்குப் போட்டுப் பாருங்கள். இரட்டை வி8 படகு 22 நாட்டில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 95 லிட்டர் குடித்தால், நாலரை மணி நேரத்தில் 430 லிட்டர். டிராலர் 7 நாட்டில் மணிக்கு 8 லிட்டர் என்றால் பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், செலவு 115 லிட்டருக்குள். தோராயக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும். எரிபொருள் நாலில் ஒரு பங்கு, நேரம் மூன்று மடங்கு. வார இறுதியில் மட்டும் விடுப்பு கிடைப்பவருக்கு இரண்டாவது எண்தான் உறுத்தும்.

பெட்ரோல் படகையும் 7 நாட்டில் ஓட்டலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம், செலவும் இறங்கும். ஆனால் ஸ்டெர்ன்டிரைவ் படகுகள் மெதுவேகத்தில் நேராகப் போகாமல் இடமும் வலமும் அலையும். நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டெர்ன்டிரைவ் பக்கம்

ஸ்டெர்ன்டிரைவ் என்பது நல்ல யோசனை. 1959-இல் வோல்வோ பென்டா இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, என்ஜின் படகின் பின்கோடிக்குப் போய் உள்ளே அறை பெரிதானது. ஆழமில்லாத இடத்தில் டிரைவைத் தூக்கிக்கொள்ளலாம். படகு புதிதாக, டிரெய்லரில் ஏறிக் காய்ந்த இடத்தில் நிற்கும்வரை இதில் குறை சொல்ல அதிகமில்லை.

வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த டிரைவ் வேறு கதை. உடல் அலுமினியம், சுற்றிலும் உப்பு. பாதுகாப்புக்கு மாட்டிய அனோடு (டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) தேய்ந்தபின் அடுத்துத் தேய்வது டிரைவ்தான். உள்ளிருந்து வெளியே போகும் அச்சைச் சுற்றி ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு உறை) இருக்கும். அது கிழிந்தால் முதலில் உள்ளிருக்கும் பேரிங்குகள் துருப்பிடிக்கும், கவனிக்காமல் விட்டால் படகே மூழ்கவும் கூடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம், அதற்குப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "போன சீசனோ, அதுக்கு முந்தினதோ" என்று இழுத்தால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய செலவு டிரான்ஸம், அதாவது பின்சுவர். டிரைவின் சுமை முழுதும் அதன்மேல்தான். கண்ணாடியிழைக்குள் ப்ளைவுட் வைத்துச் செய்திருப்பார்கள். ஒரு துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மக்கிக்கொண்டே போகும், வெளியே பளபளப்பு குறையாது. சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் மரம் போய்விட்டது. பின்சுவரை மாற்ற என்ஜின்கள் இரண்டையும் வெளியே எடுக்க வேண்டும், பெரும்பாலும் படகின் விலையைவிட வேலை அதிகமாகும்.

அடுத்தது பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாமல் பில்ஜில் (படகின் அடிக்குழியில்) தேங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் குறைந்தது நாலு நிமிடம் புளோவர் (ஆவியை வெளியேற்றும் விசிறி) ஓட வேண்டும் என்பது அதனால்தான். பழைய படகில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு: முன்னால் வைத்திருந்தவர் காசு மிச்சம் என்று கார் ஆல்டர்னேட்டரையோ கார் ஸ்டார்ட்டரையோ மாட்டியிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் படகுக்கானது தீப்பொறி வெளியேறாதபடி மூடியிருக்கும், காருக்கானது அப்படியில்லை. லேபிளைப் படியுங்கள்.

உப்பு நீரால் குளிரூட்டப்படும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் (புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்கள்) உள்ளிருந்தே அரிபடும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகும். உப்பு நீரில் இவற்றின் ஆயுளைச் சுமார் ஐந்து முதல் ஏழு வருடம் என்பார்கள். இரண்டு வி8 என்றால் நாலு மேனிஃபோல்டு, நாலு ரைசர், பதினாறு ஸ்பார்க் பிளக். ரசீது இல்லையென்றால் இத்தனைக்கும் புது விலையைப் போட்டு, கேட்கும் விலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஒற்றை டீசல் பக்கம்

டிராலரின் பலம் எளிமை. ஷாஃப்ட் நேராகப் போகிறது, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கிளாண்ட் ஒன்று, ஷாஃப்டைத் தாங்கும் கட்லெஸ் பேரிங் ஒன்று, புரொப்பல்லர் ஒன்று. இந்த வயதுப் படகுகளில் அடிக்கடி தென்படும் ஃபோர்டு லேமன் 120 மாதிரியான என்ஜின் ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர், டர்போ கிடையாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல்லாயிரம் மணி நேரம் ஓடும். பெட்ரோல் படகு என்ஜினுக்கு 1500 மணி நேரம் ஆனாலே பெரிய வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

லேமன் என்றால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இன்ஜெக்ஷன் பம்ப் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? அந்தப் பம்புக்குத் தனி ஆயில் தொட்டி, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பம்புக்குத் தனி ஆயிலா என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ஜினின் வரலாறு உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் டிராலர்காரர்கள் சொல்லாத வினை மேலே இருக்கிறது. 1970, 80-களில் வந்த பல டிராலர்களில் தேக்குப் பலகையை நூற்றுக்கணக்கான ஸ்குரூவால் டெக்கில் (மேல்தளத்தில்) முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்குரூவும் ஒரு ஒழுகல் வாய். கீழே இருக்கும் பால்சா (லேசான மரம்) அல்லது ப்ளைவுட் ஊறும். ஒழுகும் நீர் என்ஜின் அறையின் இரு பக்கமும் இருக்கும் இரும்பு டீசல் டாங்கின் தலையில் சொட்டும், டாங்க் மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்கும். அதை வெளியே எடுக்க வழியில்லாமல் கட்டிய படகுகளும் உண்டு: என்ஜினைத் தூக்கு, இல்லையேல் டாங்கை உள்ளேயே துண்டு துண்டாக வெட்டு. எனவே டிராலர் பார்க்கப் போனால் என்ஜினுக்கு முன் டாங்கின் மேல்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தேக்கு டெக்கை முந்தைய உரிமையாளர் பிடுங்கிவிட்டு வெறும் ஃபைபர் ஆக்கியிருந்தால் அழகு குறைவு, எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஃபைபர் அடிப்பாகத்தில் ஆஸ்மோசிஸ் கொப்புளம் (நீர் ஊடுருவி எழும் புடைப்பு) இரண்டு ரகத்திலும் வரலாம். அதற்குப் பயந்து ஓட வேண்டாம். கொப்புளத்தால் மூழ்கிய படகு அபூர்வம், விலை பேச அது நல்ல ஆயுதம்.

நடுவில் ஒரு மூன்றாவது

இரண்டு டர்போ டீசல் என்ஜின், ஷாஃப்ட், 15-20 நாட். காகிதத்தில் இரண்டு பக்கத்து நன்மையும் சேர்ந்தது போலத் தெரியும். குறுகிய அறையில் இரண்டு பெரிய என்ஜின் நின்றால் வெளிப்பக்கத்துக்குக் கை போகாது. டர்போ, அதன் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர், எல்லாம் இரண்டு இரண்டு. ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டாலே படகின் விலையில் பெரும்பகுதி போய்விடும். பணம் தாராளமாக உள்ளவருக்கு மட்டும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும்

என்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். போனவுடன் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் வெள்ளைப் புகை சூடானபின் நிற்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிறகு நடுநீரில் முழு திராட்டில் கொடுத்து, தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அடிப்பாகத்தில் பாசி, அல்லது பொருந்தாத புரொப்பல்லர், அல்லது நோய்ப்பட்ட என்ஜின். மூன்றில் எது என்று படகைத் தூக்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஹல் சர்வேயர் (படகின் உடலைச் சோதிப்பவர்) பொதுவாக என்ஜினுக்குள் பார்ப்பதில்லை. அதற்குத் தனி மெக்கானிக், ஆயில் சாம்பிள் பரிசோதனை. இருவரும் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கட்டும், தரகர் காட்டியவர்களாக அல்ல. சர்வேயும் ஓட்டப் பரிசோதனையும் சரியாக இல்லாவிட்டால் முன்பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கியபின் கொடுங்கள்.

நன்னீரில், டிரெய்லரில் ஏற்றி, வருடத்தில் கொஞ்ச நேரமே ஓட்டுபவருக்கு ஒற்றை பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவ் நியாயமான தேர்வு. இரட்டையை அவரும் தொட வேண்டாம். கடலில் நிறுத்தி வைத்து, இரவு தங்கிப் போகிறவர் மெதுவான டீசலை எடுத்து, மிச்சப் பணத்தை டெக்குக்கும் டாங்குக்கும் வைத்துக்கொள்ளட்டும்.