இணையவழியில் பயன்பாட்டு இயற்கை அறிவியல் இளநிலைப் பட்டம்: செய்முறையை முன்வைத்து ஒரு மதிப்புரை

பயன்பாட்டு இயற்கை அறிவியலில் இணையவழி இளநிலைப் பட்டப்படிப்பு ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணி வரை படித்து முடித்திருக்கிறேன். இத்தகைய படிப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். விரிவுரைகள் நன்றாக இருக்குமா, தேர்வு கடினமா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், இயற்கை அறிவியலை இணையத்தில் படிக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, செய்முறைப் பயிற்சியை அந்தப் படிப்பு எப்படிக் கையாள்கிறது என்பதுதான். நான் படித்த படிப்பின் சிறப்பும் அங்கேதான் இருக்கிறது, குறையும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் படிப்பின் அளவைச் சொல்லிவிடுகிறேன். இது 180 மதிப்பலகுகள் கொண்டது. ஐரோப்பிய முறையில் ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும்; ஆகவே மொத்த உழைப்பு 4,500 மணி நேரத்துக்குக் குறையாது. வேலை பார்த்துக்கொண்டே வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிந்தவருக்கு இது நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிடும். மூன்றாண்டுப் படிப்பு என்று விளம்பரத்தில் இருப்பது முழுநேரமாகப் படிப்பவரின் கணக்கு என்பதைச் சேருவதற்கு முன்பே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

முதலாண்டில் கணிதம், இயற்பியல், பொது வேதியியல், செல் உயிரியல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து பொருளறிவியல், பகுப்பாய்வு வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல், செயல்முறைப் பொறியியல் என்று பாடங்கள் விரிகின்றன. ‘பயன்பாட்டு’ என்ற அடைமொழி பெயரளவில் நின்றுவிடவில்லை என்பதை அம்மோனியா தயாரிப்பைக் கற்பித்த முறையிலேயே உணர்ந்தேன். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உருவாகும் வினை வெப்பத்தை வெளியிடுவது. எனவே, சமநிலையில் உள்ள வினை தன்மேல் வரும் மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாக நகரும் என்ற லே சாட்லியர் தத்துவப்படி வெப்பநிலை குறையக் குறைய விளைபொருள் கூடவேண்டும். ஆயினும் தொழிற்சாலைகளில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். குறைந்த வெப்பநிலையில் சமநிலை சாதகமாக இருந்தாலும் வினை நடக்கும் வேகம் பயன்படாத அளவுக்குக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இரும்பு வினையூக்கி, உயர் அழுத்தம், ஒருமுறை வினைபுரியாத வாயுவைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் சுழற்சி ஆகியவற்றைக் கொண்டு அந்த முரண்பாட்டைச் சமாளிக்கிறார்கள். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டியதை 1913இல் போஷ் என்ற வேதிப் பொறியாளர் ஆலையாக்கியபோது எழுந்த சிக்கல்களையும் பாடத்தில் சேர்த்திருந்தார்கள்: உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகினுள் ஊடுருவி அதன் கார்பனைப் பறித்து, உலையையே நொறுங்கச் செய்தது. வெப்ப இயக்கவியல், வினைவேகவியல், பொருளறிவியல் மூன்றும் ஒரே கணக்கில் வந்து நிற்பதை அந்தப் பாடத்தில்தான் முதன்முதலில் கண்டேன். இப்படிப்பட்ட பாடங்களுக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைக்கலாம்.

விரிவுரைக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெளிவாக இருந்தன, நிறுத்தியும் மீண்டும் ஓட்டியும் பார்க்க முடிந்தது. சமன்பாடுகளைப் படிப்படியாகக் கையால் எழுதிக் காட்டிய ஆசிரியர்களின் காணொளிகள், தயாராக வைத்திருந்த படவில்லைகளைப் படித்துக் காட்டியவர்களுடையவற்றைவிடப் பன்மடங்கு பயன்பட்டன. இதே தரத்தில் இலவசக் காணொளிகள் இணையத்தில் ஏராளம் என்பதால், காணொளிகளை மட்டும் நம்பி யாரும் கட்டணம் செலுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். இது மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது: வீட்டிலேயே செய்யும் சோதனைகள், கணினியில் செய்யும் பாவனைச் சோதனைகள், ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்கு நேரில் சென்று செய்யும் தொடர் ஆய்வக அமர்வுகள். வீட்டுச் சோதனை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1970களிலேயே அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைப் பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பியது. கையடக்கமான நுண்ணோக்கிகூட மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எனவே இந்த வழிக்கு அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. எங்களுக்கு வந்த பெட்டியில் இருந்த கருவிகள் எளியவை. ஆனால் அவற்றைக்கொண்டு செய்யச் சொன்ன வேலைகள் எளியவை அல்ல.

தனி ஊசலைக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் இங்கே விடைக்கு மதிப்பெண் கிடையாது. அந்த விடையில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதை நிறுவியதற்கே மதிப்பெண். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு காலம் ஏறத்தாழ 2 நொடி. நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி பிழை நேரும் என்று கொண்டால், ஒரே ஓர் அலைவை அளந்தால் நேரத்தில் 10 விழுக்காடு பிழை. முடுக்கத்துக்கான வாய்பாட்டில் அலைவு காலம் இருமடியாக வருவதால் விடையில் அது 20 விழுக்காடாகிவிடும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே 0.2 நொடி 40 நொடியில் பரவி, விடையின் பிழை 1 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. இதுவரை பலருக்கும் தெரிந்ததே. அடுத்து ஊசலை 20 டிகிரி விலக்கி ஆட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவு அகலமாக ஆடும்போது அலைவு காலம் முக்கால் விழுக்காடு அளவுக்குக் கூடிவிடுகிறது. முடுக்கத்தின் மதிப்பு ஒன்றரை விழுக்காடு குறைவாக வருகிறது. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் இந்தப் பிழை போகாது, ஏனெனில் அது அளப்பவரின் தடுமாற்றத்தால் வருவதன்று, வாய்பாடே சிறு கோணங்களுக்கு மட்டும் உரியது என்பதால் வருவது. தற்செயல் பிழைக்கும் முறைசார் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் செலவில்லாமல், இதைவிட ஆழமாக எந்த ஆய்வகத்திலும் கற்பிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

கைப்பேசியையும் அளவுக் கருவியாகப் பயன்படுத்தச் செய்தார்கள். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசியில் உள்ள முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி ஆகியவற்றின் அளவீடுகளை எண்களாகத் தருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியைப் பழைய டிவிடி வட்டைக்கொண்டு கட்டும் பணி. டிவிடியில் தடங்களுக்கு இடையேயான தொலைவு 0.74 மைக்ரோமீட்டர், சிடியில் 1.6 மைக்ரோமீட்டர், ஆகவே டிவிடி ஒளியை அதிகக் கோணத்தில் பிரித்துக் காட்டும். குறுகிய பிளவு வழியாக வெள்ளை எல்இடி விளக்கின் ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, 450 நானோமீட்டருக்கு அருகில் கூர்மையான நீல முகடும், அதையடுத்துப் பச்சையிலிருந்து சிவப்பு வரை பரவிய மேடும் தெரிந்தன. நீல ஒளியை உமிழும் குறைகடத்திச் சில்லின்மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசித்தான் அந்த வெண்மையைப் பெறுகிறார்கள் என்று பாடத்தில் படித்திருந்ததை, அட்டைப் பெட்டிக்குள் கண்ணால் பார்த்தேன். அந்த நிறமாலையைப் பிறகு படமெடுத்து அலைநீள அளவுகோலாக மாற்றி, வண்ணக் கரைசல்களின் ஒளி உட்கவர்ச்சியை அளக்கும் வரை அந்தப் பணி நீண்டது.

பாவனைச் சோதனைகள்தான் இந்தப் படிப்பின் பலவீனமான பகுதி. கருத்தை விளக்குவதற்கு அவை மிகவும் உதவுகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட ஃபெட் திட்டத்தின் இலவசப் பாவனைகளைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கைத்திறனுக்கு அவை ஈடாகமாட்டா. செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னொரு கரைசலின் செறிவைக் காணும் தரம்பார்த்தல், எங்கள் படிப்பில் முதலில் கணினியில்தான் வந்தது. பொத்தானை அழுத்தினால் பியூரெட்டிலிருந்து காரம் இறங்கும், வினை முழுமையடையும் முடிவுநிலை வந்ததும் குடுவை இளஞ்சிவப்பாகும், எண் திரையில் தோன்றும். நேரடி ஆய்வக அமர்வில் அதே சோதனையைச் செய்தபோது, கணினி சொல்லித்தராத அத்தனையும் அங்கே காத்திருந்தன. பியூரெட்டின் குழாய்முனையில் சிக்கிய காற்றுக் குமிழியை முதலில் வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் அதன் கொள்ளளவும் கணக்கில் சேர்ந்துவிடும். திரவத்தின் வளைந்த மேற்பரப்பைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முடிவுநிலையை நெருங்கும்போது ஒரு முழுத் துளிகூட அதிகம். ஒரு துளி சுமார் 0.05 மில்லிலிட்டர், 25 மில்லிலிட்டரில் அது 0.2 விழுக்காடு. அதனால் முனையில் பாதித் துளியைத் தொங்கவிட்டு, குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி உள்ளே இறக்குகிறார்கள். நிறங்காட்டியான பினாப்தலீன் தரும் மங்கலான இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் போதும். அதற்குமேல் காத்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நிறத்தைப் போக்கிவிடும். ஆய்வகப் பொறுப்பாளர் ஒவ்வொருவர் அருகிலும் நின்று மணிக்கட்டின் அசைவைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தைத் திரை வழியாகப் பெற முடியாது.

உயிரியலில் இந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. மிகச் சிறிய அளவு திரவத்தை எடுக்கும் நுண்பிப்பெட்டை முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சவேண்டும், இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி வெளியேற்றவேண்டும் என்பதைக் காணொளியில் பலமுறை பார்த்திருந்தாலும், கட்டைவிரல் அதைப் பழகுவதற்கு நேரம் பிடிக்கிறது. பாக்டீரியாக்களை நிறத்தால் இரு வகையாகப் பிரித்தறியும் கிராம் சாயமேற்றத்தில் ஆல்கஹாலால் நிறம் நீக்கும் சில நொடிகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கூடினால் ஊதாவாக நிற்கவேண்டிய பாக்டீரியாவும் நிறமிழந்து சிவப்பாகிவிடும். நுண்ணுயிரிகளை வீட்டில் வளர்ப்பது பாதுகாப்பானதன்று என்பதால் இவை அனைத்தும் நேரடி அமர்வில்தான் நடந்தன, அந்த நேரமோ போதவில்லை. நுண்ணுயிரியலையோ மூலக்கூறு உயிரியலையோ தொழிலாகக் கொள்ள விரும்புபவருக்கு இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயற்பியல், பகுப்பாய்வு வேதியியல், சுற்றுச்சூழல் அளவீடு, தரக்கட்டுப்பாடு ஆகிய பக்கம் செல்ல விரும்புபவருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

கணிதமும் தரவுப் பகுப்பாய்வும் இணையவழிக்கு மிகவும் பொருந்தி வந்தன. முதல் பருவத்திலிருந்தே பைத்தான் மொழியில் கணக்கிடப் பழக்கினார்கள். ஒவ்வொரு சோதனையின் அளவீடுகளும் அதே குறிப்பேட்டில் வரைபடமாகவும் பிழைக் கணக்காகவும் மாறின. புள்ளியியலில், 1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை முதலில் எண்களாக மட்டும் கொடுத்தார்கள். சராசரி, மாறுபாடு, பொருத்தமான நேர்கோடு எல்லாம் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒரே ஒரு விலகிய புள்ளி கோட்டையே சாய்த்திருக்கிறது. நேர்கோடு பொருத்தும் எவரும், அளவீடுகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகளான எச்சங்களையும் வரைந்து பார்க்க வேண்டும் என்ற வழக்கம் எங்களுக்கு அதற்குப் பிறகு வந்தது.

பயிற்றுநர்களின் பின்னூட்டத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ஆய்வக அறிக்கையை அனுப்பினால், அடுத்த அறிக்கையை அனுப்பிய பிறகே முந்தையதன் திருத்தம் வந்த பருவங்கள் உண்டு. முதல் அறிக்கையின் குறை இரண்டாவதிலும் அப்படியே தொடர்வதற்கு இந்தத் தாமதமே காரணமாகிறது. ஒரு பயிற்றுநர் மட்டும் விதிவிலக்காக, வரைபடத்தின் அச்சில் அலகு விடுபட்டதிலிருந்து, தேவைக்கு அதிகமான தசம இலக்கங்களை எழுதியது வரை வரிவரியாகக் குறித்து அனுப்பினார். அவரிடம் கற்ற பருவத்தில்தான் என் எழுத்து திருந்தியது. கட்டணத்தில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் இதற்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சக மாணவர்களுடன் வாரந்தோறும் நடத்திய குழு உரையாடல் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது.

தேர்வுகள் கேமரா கண்காணிப்பில் நடந்தன. வழிமுறைகளைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப அனுமதித்ததால், சமன்பாடுகளைத் தட்டச்சு செய்யும் சுமை இல்லை. கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிக்காமல், கொடுக்கப்பட்ட அளவீடுகளிலிருந்து முடிவுக்கு வரச் சொன்னது நியாயமாக இருந்தது.

சேர விரும்புபவர்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறவேண்டிய விவரங்கள் சில உண்டு. நேரடி ஆய்வக அமர்வுகள் மொத்தம் எத்தனை மணி நேரம், அவற்றில் ஒரு கருவியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள், அமர்வைத் தவறவிட்டால் எப்போது ஈடுசெய்யலாம், அறிக்கைகள் எத்தனை நாளில் திருத்தப்படும் என்பவை அவை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சில துறைகள் ஆய்வகப் பயிற்சியைத் தனியாகக் காட்டச் சொல்கின்றன. எங்கள் மதிப்பெண் சான்றிதழில் கோட்பாடும் செய்முறையும் ஒரே வரியில் சேர்ந்திருந்ததால், ஆய்வக நேரத்தைத் தனித்துக் குறிப்பிடும் கடிதத்தைப் பிறகு கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைப் படிப்பு முடியும்வரை தள்ளிப்போடாமல், ஒவ்வோர் ஆய்வக அமர்வும் முடிந்தவுடனேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.