15 வருஷமா குளோன் ஹீரோக்களைப் படிச்சதுல எது நின்னுச்சு, எது நிக்கல

முதல்லயே சொல்லிடறேன், இது புதுசா வந்த ஏதோ ஒரு புத்தகத்துக்கான ரிவ்யூ இல்ல. அமெரிக்க காமிக்ஸ்ல வர்ற குளோன் கேரக்டர்களை, அதாவது ஒருத்தரோட மரபணுவுல இருந்து செஞ்ச நகல்களை, நான் 15 வருஷத்துக்கு மேல வாசிச்சுட்டு வர்றேன், சில கதைகளை மூணு நாலு தடவை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும், அதனால எது முதல் வாசிப்புல ஆளை அசத்திட்டு ரெண்டாவது தடவை கையில எடுக்கவே மனசு வராம போகுது, எது ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கொடுக்குதுன்னு இப்போ ஓரளவு சொல்ல முடியும்னு தோணுது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ரெண்டு பேர்ல யாரு ஒரிஜினல்ங்கற சஸ்பென்ஸ் ஒரு தடவைக்குத்தான் தாங்கும், விடை தெரிஞ்சுட்டா அது முடிஞ்சுது. அந்தக் குளோனுக்குன்னு ஒரு பேரு, ஒரு வேலை, போட்டுக்க ஒரு சட்டை, ராத்திரி திரும்பிப் போக ஒரு இடம் கிடைக்கற பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போயிருக்கேன்.

எனக்கு ஆரம்பம் ஸ்பைடர்மேன். கதை தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் பின்னாடி போறேன். 1973ல அமேசிங் ஸ்பைடர்மேன் 121வது இதழ்ல ஸ்பைடர்மேனா இருக்கற பீட்டர் பார்க்கரோட காதலி குவென் ஸ்டேசியைக் கொன்னுட்டாங்க, வாசகர்கள் கொதிச்சுப் போனாங்க. அதை எழுதின ஜெரி கான்வேதான் 1975ல 144வது இதழோட முடிவுல குவெனை உயிரோட கொண்டுவந்து நிறுத்தினார். அவ குளோன். உருவாக்கினது பீட்டரோட காலேஜ் புரொபசர் மைல்ஸ் வாரன், அந்தப் பொண்ணு மேல இருந்த ஒருதலைப் பித்துல ஜேக்கல்னு வேஷம் போட்டுத் திரிஞ்ச ஆளு. 149வது இதழ்ல பீட்டருக்கே ஒரு குளோன் வருது, ரெண்டு ஸ்பைடர்மேனும் மோதிக்கறாங்க, ஒருத்தன் செத்துட்டான்னு நினைச்சு பீட்டர் அந்த உடம்பைத் தூக்கிட்டுப் போய் ஒரு புகைபோக்கிக்குள்ள போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறான். கிட்டத்தட்ட 20 வருஷம் அந்தக் கதை அப்படியே கிடந்துது.

1994ல அவன் சாகவே இல்லைன்னு திரும்பி வர்றான். இந்த இடைவெளி கதைக்குள்ள அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷமும் அவன் ஊர் ஊரா அலைஞ்சிருக்கான், பீட்டர் பார்க்கர்னு சொல்லிக்க உரிமை இல்லாததால தனக்குத் தானே பேரு வச்சுகிட்டிருக்கான், பென் ரைலின்னு. பென் அவனை வளர்த்த பெரியப்பாவோட பேரு, ரைலி மே ஆன்ட்டி பிறந்த வீட்டுப் பேரு. பாருங்க, அவன் கையில இருக்கற நினைவு முழுக்க இன்னொருத்தனோடது, அந்த நினைவுல இருந்து அவன் தனக்குன்னு எடுத்துகிட்டது வளர்த்தவங்க பேரை மட்டும்தான். முதல் தடவை படிச்சப்ப இது எனக்கு ஒரு தகவலாத்தான் பட்டுது, மூணாவது தடவை படிச்சப்ப அந்தப் பேரைப் பார்த்தாலே தொண்டை அடைச்சுது.

இது எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னும் சொல்லணும். நான் வீட்ல ரெண்டாவது பையன், அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் படிச்ச புத்தகம், அண்ணன் படிச்ச அதே ஸ்கூல், ஒன்பதாவது வரைக்கும் பாதி வாத்தியாருங்க என்னை அண்ணன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அண்ணன் மேல எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்ல. ஆனா பென் நியூயார்க்குக்கு வந்ததும் கை இல்லாத நீலக் கலர் ஹூடியை எடுத்து சிவப்பு உடுப்பு மேல மாட்டிக்கறான் இல்ல, நெஞ்சுல பெரிய சிலந்தி போட்டது, அதைப் பார்த்ததும் இவன் பீட்டரோட டிரஸ்ஸை வாங்கிப் போட்டுக்கலயேன்னு எனக்கு ஒரு சந்தோஷம் வந்துது பாருங்க, அது இன்னைக்கும் போகல. ஸ்கார்லட் ஸ்பைடர்ங்கற பேரு அவனுக்குப் பத்திரிகைக்காரன் வச்சது, அவனுக்கே அது பிடிக்கல, ஆனாலும் ஊரு அப்படித்தான் கூப்பிடுது.

குளோன் சாகான்னு சொல்ற இந்தத் தொடரோட பெரிய கோளாறு அதோட நீளம். அப்போ மாசத்துக்கு நாலு ஸ்பைடர்மேன் இதழ் தனித்தனி பேர்ல வந்துட்டிருந்துது, கதை ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும், நாலையும் வாங்கினாத்தான் தொடர்ச்சி கிடைக்கும். நல்லா வித்ததால முடிக்க வேண்டிய கதையை இழு இழுன்னு இழுத்து ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க. நடுவுல 1995ல அமேசிங் 400வது இதழ்ல மே ஆன்ட்டியை சாகடிச்சாங்க, அழகான இதழ், ஆனா பின்னாடி வேற எழுத்தாளர்கள் வந்து செத்தது ஒரு நடிகைன்னு மாத்திட்டாங்க, அது தெரிஞ்சுட்டு மறுபடி படிக்கறப்ப அந்த மரணப் படுக்கைப் பக்கம் என்னை ஒண்ணுமே பண்ணல. அதே வருஷம் ஸ்பெக்டகுலர் ஸ்பைடர்மேன் 226ல குண்டைப் போட்டாங்க, பென்தான் ஒரிஜினலாம், இத்தனை வருஷமா நம்ம படிச்ச பீட்டர்தான் குளோனாம். அந்த ஆத்திரத்துல பீட்டரோட கை வயித்துல குழந்தையோட இருக்கற மேரி ஜேன் மேல பட்டு அவ போய் விழறா. ஒரு கேள்விக்கு விடை சொல்றதுக்காக ஒரு நல்ல மனுஷனை இந்த அளவுக்குக் கீழ இறக்கணுமா? எனக்கு இன்னும் மனசு ஆறல, மறுவாசிப்புல அந்த இதழைத் தாண்டித்தான் போறேன்.

அதுக்கப்புறம் வர்ற சில மாசம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பீட்டர் மனைவியோட போர்ட்லாண்டுக்குக் குடி போயிடறான், பென் தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசிகிட்டு டெய்லி கிரைண்ட்னு ஒரு காபிக் கடையில வேலைக்குச் சேர்ந்து தனக்குன்னு ஒரு புது ஸ்பைடர்மேன் உடுப்பும் தைச்சுக்கறான். கையில காசு இல்ல, வாடகை கட்டணும், கடையில நாலு பேரு பழக்கம் ஆகறாங்க. சண்டைக் காட்சி எல்லாம் மறந்துபோச்சு, அவன் ஏப்ரன் கட்டிகிட்டு கவுண்டருக்குப் பின்னாடி நிக்கறது மட்டும் கண்ணுலயே நிக்குது.

1996 கடைசியில, அந்த நாலுல ஒண்ணான பீட்டர் பார்க்கர்: ஸ்பைடர்மேன் 75வது இதழ்ல முடிச்சுட்டாங்க. பீட்டரோட பழைய எதிரி நார்மன் ஆஸ்போர்ன் அவனைக் கொல்ல தன்னோட பறக்கற கிளைடரை ஏவி விடறான், பென் குறுக்க பாய்ஞ்சு முதுகுல வாங்கிக்கறான். பீட்டர் கையிலயே அவன் உடம்பு உதிர்ந்து தூளாகுது. குளோன் செத்தா அப்படித்தான் ஆகும்ங்கறது அதுக்கு முன்னாடியே கதையில காட்டினது, அதனால பென்தான் குளோன்னு யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்ல, அந்தத் தூளே சொல்லிடுது. ஜான் ரோமிட்டா ஜூனியர் வரைஞ்சது. அவசரமா பக்கத்தைத் திருப்பாதீங்க, கொஞ்சம் நின்னு பாருங்க. அந்த வருஷம் டிசம்பர்ல இதையெல்லாம் வெளியிட்ட மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டுது.

படிக்கற வசதி பத்திக் கேட்பீங்க. நான் குண்டு குண்டான தொகுப்புகளாத்தான் முதல்ல வாங்கினேன், குளோன் சாகா 5 வால்யூம், பென் ரைலி 6 வால்யூம். ஆர்டர் பண்ணின கடை ஒரு புத்தகத்தை வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்பி மூலை நசுங்கி வந்துது, திருப்பி எடுத்துக்கவும் இல்ல. அதை விட பெரிய தொல்லை, ரெண்டு பக்கத்துக்கு விரிச்சு வரைஞ்ச படமெல்லாம் நடு மடிப்புக்குள்ள போயிடும், விரிச்சுப் பார்க்கறேன்னு அழுத்தினா பசை விடும். எனக்கு மூணாவது வால்யூம் அப்படித்தான் ரெண்டாப் போச்சு. இப்போ டேப்லெட்ல மாசச் சந்தா கட்டிப் படிக்கறேன், கதை எந்த இதழ்ல இருந்து எந்த இதழுக்குப் போகுதுன்னு ஒரு நோட்டுல வரிசை எழுதி வச்சிருக்கேன். அந்த வரிசை இல்லாம இதைத் தொடாதீங்க, நிச்சயமா பாதியில விட்டுடுவீங்க.

இன்னொரு பெரிய கம்பெனியான டிசி பக்கம் வந்தா சூப்பர்பாய், சூப்பர்மேனோட குளோன். 1993ல சூப்பர்மேன் செத்துப்போன கதைக்கு அப்புறம் கேட்மஸ் ஆய்வுக்கூடத்துல இருந்து தப்பிச்சு வர்ற பையன், லெதர் ஜாக்கெட், காதுல கம்மல், சூப்பர்பாய்னு கூப்பிட்டா சண்டைக்கு வருவான், நான்தான் சூப்பர்மேன்னு அடம். கார்ல் கெசலும் டாம் கிரம்மெட்டும் உருவாக்கினது. ஆரம்ப இதழ்கள் ஜாலியா போகும், ஹவாய், கடற்கரை, அவ்வளவுதான், மறுவாசிப்புக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அவனுக்கு ரொம்ப நாள் சொந்தப் பேரே கிடையாது, ஊர்ல எல்லாரும் பட்டப்பேராலதான் கூப்பிடறாங்க, 1999ல 59வது இதழ்ல சூப்பர்மேன் கான்-எல்னு கிரிப்டான் குடும்பப் பேரைக் கொடுக்கறார். அந்த இதழுக்காகவே முன்னாடி இருக்கற எல்லாத்தையும் பொறுமையா படிக்கலாம். 2003ல இருந்து ஜெஃப் ஜான்ஸ் எழுதின டீன் டைட்டன்ஸ்ல அவன் ரத்தத்துல பாதி சூப்பர்மேனோட பரம எதிரி லெக்ஸ் லூதரோடதுன்னு தெரிய வருது, லூதர் அவன் மனசையே பிடிச்சு ஆட்டறப்ப தலையை மழிச்சுகிட்டு வந்து நிக்கறான், கூட்டாளி ராபினோட கையை உடைக்கறான். இதே பையன்தான் ஸ்மால்வில்ல, சூப்பர்மேனை வளர்த்த கென்ட் தம்பதி வீட்ல கானர்ங்கற பேர்ல மாட்டுக்கொட்டகை வேலை செஞ்சுகிட்டு ஸ்கூல் போனவன். அப்பன் எப்படியோ நானும் அப்படியேதானான்னு பயந்து சாகற பசங்க நிஜத்துல எவ்வளவு பேர் இருக்காங்க, அவங்களுக்கு நான் முதல்ல கொடுக்கற புத்தகம் இது.

எக்ஸ்-23 பத்தி நிதானமா சொல்லணும், கையில இருந்து நகம் நீளற மார்வெல் ஹீரோ வுல்வரினோட குளோன் அவ. 2003ல கார்ட்டூன் சீரியல்ல முதல்ல வந்தா, அப்புறம்தான் காமிக்ஸுக்கு வந்தா. அவ கதை முழுசா 2005ல வந்த 6 இதழ்ல இருக்கு, கிரெய்க் கைல், கிறிஸ்டோபர் யோஸ்ட் எழுதினது. வுல்வரினோட மரபணு சாம்பிள் சேதமானதால 22 தடவை முயற்சி தோத்துப்போகுது, சாரா கின்னிங்கற விஞ்ஞானி பொண்ணா உருவாக்கலாம்னு சொல்லி 23வது முயற்சியைத் தன் வயித்துலயே சுமக்கறா. பொறந்த குழந்தைக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். ஏழு வயசுல நகத்தைப் பிடுங்கி உலோகம் பூசித் திருப்பி சொருகறாங்க, மயக்க மருந்து இல்லாம. ஒரு வாசனை இருக்கு, அது மூக்குல பட்டா அவ எதிர்ல இருக்கறது யாருன்னு பார்க்காம வெட்டுவா. கடைசியில ரெண்டு பேரும் தப்பிச்சு பனியில நிக்கறப்ப அந்த வாசனை சாரா மேலயே இருக்கு. உயிர் போற நேரத்துல சாரா சொல்றது பொண்ணோட பேரை. லாரா.

நான் இதை ரெண்டு தடவைதான் படிச்சிருக்கேன், மூணாவதுக்கு இன்னும் தெம்பு வரல. குறைன்னு சொல்லல, உங்க மனசு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு எடுங்கன்னு சொல்றேன். இதைப் படிச்ச கையோட 2015ல டாம் டெய்லர் எழுத ஆரம்பிச்ச ஆல்-நியூ வுல்வரினைக் கண்டிப்பா எடுத்துடணும். ஒரிஜினல் வுல்வரினான லோகன் செத்ததுக்கு அப்புறம் லாராவே மஞ்சள் உடுப்புப் போட்டு வுல்வரினா வர்றா, லாராவுக்கே குளோன் தங்கச்சிங்க இருக்காங்கன்னு தெரியுது, வலியே உணராத பொண்ணுங்க. அதுல சின்னவ கேபி, கைக்கு ஒரு நகம்தான், வாய் ஓயாது, ஒரு நிஜ வுல்வரின் விலங்குக்கு ஜொனாதன்னு பேரு வச்சு வீட்லயே வச்சுக்கறா. பேரே இல்லாம பொறந்த லாரா வீட்ல ஒரு மிருகத்துக்குக் கூட பேரு இருக்கு. அந்தக் காட்சியைப் படிச்சு எனக்கு அவ்வளவு நிம்மதி.

சூப்பர்மேனோட கோணல் நகலான பிசாரோ, மார்வெலோட சிவில் வார் கதையில வர்ற தோரோட குளோன் இதெல்லாம் எனக்கு ஒட்டல. பிசாரோ 1958ல இருந்து இருக்கான், தாறுமாறாப் பேசற பேச்சு பத்து பக்கத்துக்கு நல்லா இருக்கும். தோர் குளோன் ஒரு ஆயுதம், அவ்வளவுதான்.

எனக்கு ஆறாத கோபம் மேடலின் பிரையர் விஷயத்துல. 1983ல கிறிஸ் கிளேர்மான்ட் அவளை அறிமுகப்படுத்தினப்ப அவ அலாஸ்காவுல சரக்கு விமானம் ஓட்டற ஒரு பொண்ணு, செத்துப்போன எக்ஸ்-மென் ஹீரோயின் ஜீன் கிரே சாயல்ல இருப்பா. ஜீனோட காதலன் சைக்ளாப்ஸ் அவளைக் கல்யாணம் பண்ணிக்கறான், ஒரு பையன் பொறக்கறான். 1986ல ஜீன் உயிரோட இருக்கான்னு சேதி வந்ததும் பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுக் கிளம்பிட்டான். ஹீரோவோட பேரு கெடுது இல்ல, அதைச் சரிக்கட்ட பழியைத் தூக்கி அவ மேல போட்டாங்க. 1989ல இன்ஃபெர்னோ கதையில அவ மிஸ்டர் சினிஸ்டர்ங்கற வில்லன் செஞ்ச ஜீனோட குளோன், சைக்ளாப்ஸுக்குப் பிள்ளை பெத்துக் கொடுக்கறதுக்காகவே செஞ்சவன்னு சொல்லி, பேய்களோட ராணி ஆக்கி, கொன்னும் போட்டாங்க. மத்த குளோன் எல்லாம் ஒண்ணும் இல்லாம ஆரம்பிச்சு பேரும் வாழ்க்கையும் சம்பாதிச்சாங்க. இவளுக்கு எல்லாம் இருந்துது, பேரு, வேலை, வீடு, குழந்தை, அத்தனையும் ஒரு வரியில பொய்னு ஆக்கிட்டாங்க. அலாஸ்கா இதழ்களை இப்போ எடுத்தாலும் அவ காக்பிட்ல உட்கார்ந்து சிரிக்கற படத்தைத் தாண்டிப் போக முடியல.

அதனாலதான் 2022 கடைசியில டார்க் வெப்ங்கற மார்வெல் கதை வந்தப்ப நான் முதல் நாளே படிச்சேன். அதுக்குள்ள பென்னை உயிரோட கொண்டுவந்து, பீட்டரோட நினைவு எல்லாத்தையும் அவன் மண்டையில இருந்து அழிச்சு, காஸம்னு வில்லனா மாத்தி வச்சிருந்தாங்க, பெரியப்பா பேரை வச்சுகிட்டவனுக்கு அந்தப் பெரியப்பாவோட ஞாபகமே இல்ல. அவனும் மேடலினும் கைகோத்துகிட்டு ஒரிஜினல்களைத் தேடி நியூயார்க்குக்கு வர்றாங்க. கதையா நிறைய ஓட்டை, சண்டை நீளம், நகைச்சுவை ஒட்டல. ஆனா நடுவுல ஒரு காட்சி. மேடலின் பெத்த பையனை எதிர்காலத்துல வளர்த்தது ஜீன். அவன் வளர்ந்த அந்த வருஷங்களோட நினைவை ஜீன் தன் மனசுல இருந்து எடுத்து மேடலினுக்குப் பகிர்ந்து கொடுக்கறா. மேடலின் சண்டையை நிறுத்திடறா. பென்னுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கல, அவனை லிம்போங்கற பேய் உலகத்துல அடைச்சு வச்சிட்டாங்க. அதை மூடி வச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே ரெண்டாப் போன அந்த மூணாவது வால்யூமை அலமாரியில இருந்து எடுத்து, நீல ஹூடி வர்ற பாதியை மட்டும் மறுபடி படிச்சேன்.