டேசரா, பெப்பர் ஸ்ப்ரேயா: பயிற்சியில் எது கொடுமை?

அமெரிக்க போலீஸ் அகாடமிகள் பலவற்றில் பயிற்சிக் காவலர்கள் இரண்டையும் தங்கள் உடம்பில் வாங்கிப் பார்க்கிறார்கள். டேசர் என்னும் மின்னதிர்ச்சித் துப்பாக்கி பொதுவாக 5 விநாடிதான். இரண்டு ஊசிகள் வழியே மின்சாரம் பாய்ந்து தசைகள் இறுகிவிடும். விழாமலிருக்க இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். மின்சாரம் நின்றதும் வலி போய்விடும்.

பெப்பர் ஸ்ப்ரே அப்படியில்லை. பெயரில்தான் பெப்பர், எரிப்பது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின். கண் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு திணறும், அரை மணி நேரத்துக்கு மேலும் எரியும். அந்த நிலையிலேயே ஓடி, மல்லுக்கட்டி, விலங்கு மாட்டிக் காட்ட வேண்டும்.

ஆனாலும் ஸ்ப்ரே பயிற்சி தேவைதான் என்பேன். காற்று திரும்பினால் அடித்தவர் முகத்திலேயே படும். டேசரைக் கட்டாயமாக்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை: தசை இறுகிய வேகத்தில் முதுகெலும்பே முறிந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.