வட்டத் தட்டில் குறைபாடு தேட எந்தக் குச்சி?

மேலும் கீழுமாக அதிரும் தட்டில் குச்சிகளை ஒரே அடுக்காக நெருக்கிப் பரப்பினால் தாமாகவே வரிசைப்படும். தட்டு வட்டமானால் சிக்கல். சுவரோரக் குச்சிகள் சுவரை ஒட்டிப் படுப்பதால், ஒரு சுற்று வருவதற்குள் திசை 360 பாகை திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தை உள்ளே எங்காவது தீர்த்தாக வேண்டும். திசை குழம்பி நிற்கும் அந்தப் புள்ளிதான் குறைபாடு; அதைச் சுற்றி வரும்போது திசை எத்தனை முழுச் சுற்று திரும்புகிறதோ அதுவே அதன் எண். வட்டத் தட்டில் மொத்தக் குறைபாட்டு எண் +1. அதைப் பங்கு போடுவது துகளின் வடிவம்.

நாராயண், மேனன், ராமசுவாமி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 2006இல் ஒப்பிட்ட துகள்கள் இவை: முனை தட்டையான உருளை, இருமுனையும் கூம்பிய பூரிக்கட்டை வடிவக் குச்சி, பாஸ்மதி அரிசி. உருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அடுக்கும் (டெட்ராட்டிக்). பூரிக்கட்டை ஒரே திசையில் சாயும் (நெமாட்டிக்). அரிசி வரிவரியாக அடுக்கும் (ஸ்மெக்டிக்).

முதல் முயற்சிக்கு உருளைதான். 4 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிமன் போதும். 14 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 70 சதவீதப் பரப்பை நிரப்பச் சுமார் 2,700 வேண்டும். தட்டுக்கும் மேல்மூடிக்கும் இடைவெளி 1.6 மி.மீ.; 2 மி.மீ. தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். 50 ஹெர்ட்ஸில் புவியீர்ப்பைப்போல் 3 மடங்கு முடுக்கத்துக்கு வீச்சு 0.3 மி.மீ. எதிர்பார்க்க வேண்டியது, ஒரு சதுரத்தின் மூலைகளில் நிற்பதுபோல நான்கு +1/4 குறைபாடுகள். ஒவ்வோர் இடத்திலும் குச்சிகளின் திசையைக் கணக்கிடும்போதுதான் பலர் சறுக்குவார்கள்: கோணத்தை இரட்டித்துச் சராசரி எடுத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தான குச்சிகள் கணக்கில் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும்; இல்லாத குறைபாடெல்லாம் முளைக்கும். கோணத்தை நான்கால் பெருக்குங்கள்.

குறைபாடு ஓடுவதைப் பார்க்கப் பூரிக்கட்டை. இங்கே கோணத்தை இரட்டித்தால் சரி. வட்டத்தில் அமைதியான நிலையில் ஒரே விட்டத்தில், மையத்துக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு +1/2. ஒவ்வொரு +1/2க்கும் தலை, வால் என்று வேறுபாடு உண்டு. அதிர்வு தரும் ஆற்றலில் தானே நகரும். திசை எதிர்ப்பக்கமாக அரைச் சுற்று திரும்பும், மூன்று பக்கமும் ஒத்த −1/2 குறைபாட்டுக்கு அப்படித் தானாக நகரும் திசை இல்லை. ஆனால் முனைகளைச் சீராகக் கூம்பாக்குவது பெரும் வேலை. ஒரு முனை மட்டும் மெலிந்தால் குச்சி ஒரே பக்கம் ஓடும், நெமாட்டிக் கதை அங்கேயே முடிந்தது.

அரிசி மலிவு, அவ்வளவுதான். நீளம் சீராக இராது, மாவு உதிர்ந்து கண்ணாடியில் படியும்.

எதை எடுத்தாலும் ரசமட்டம் வைத்துத் தட்டைச் சமன்செய்யுங்கள். சிறு சரிவிலும் கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கும். உருளைக்குச் சதுரத் தட்டு மட்டும் வேண்டாம். நான்கு சுவரும் அதன் இரு திசைகளுக்கும் பொருந்திவிடும், குறைபாடு வரவேண்டிய கட்டாயமே இல்லை.