கல்லூரி வாசலில் லாரியைப் பூட்டி வைத்துக்கொண்டு கூடுதல் பணம் கேட்டார்கள்

பிள்ளையை வெளி மாநிலக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, சாமான்களை மூவிங் கம்பெனி மூலம் அனுப்பலாம் என்று நினைக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆகஸ்ட் வந்தால் அமெரிக்கா முழுக்க டார்மில், அதாவது கல்லூரி விடுதியில், குடியேறும் கூட்டம்தான். அந்த ஒரு நாள் அவசரத்தை நம்பியே காசு பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களிடமும் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது டெக்சஸில். மகளுக்கு இடம் கிடைத்தது ஒஹாயோவில். துணிமணிப் பெட்டிகள், மானிட்டர், அவள் வாசிக்கும் கீபோர்டு, புத்தகங்கள், படுக்கை சாமான்கள். இதையெல்லாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. இணையத்தில் பார்த்து ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். மூவ்-இன் நாளன்று, அதாவது விடுதியில் குடியேறும் நாளன்று, காலையில் டார்ம் வாசலிலேயே இறக்கித் தருவதாகச் சொன்னார்கள். மொத்தம் 900 டாலர், முன்பணம் 300. "லாரி உங்களுடையதுதானா?" என்று நான் நேரடியாகவே கேட்டேன். "ஆமாம் சார், எங்கள் வண்டி, எங்கள் ஆட்கள்" என்றார் போனில் பேசியவர்.

அது பச்சைப் பொய். சாமான் எடுக்க வந்த லாரியில் வேறு பெயர், கொடுத்த காகிதத்திலும் வேறு பெயர். முன்பணம் வாங்கியது ஒரு புரோக்கர் கம்பெனி. நம்மிடம் ஆர்டர் பிடித்து, கிடைக்கிற லாரிக்காரரிடம் தள்ளிவிட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் தொழில். புரோக்கராக இருப்பது குற்றமில்லை. ஆனால் தாங்கள் புரோக்கர்தான், சாமானைத் தாங்களே ஏற்றிச் செல்வதில்லை என்பதை விளம்பரத்திலும் இணையதளத்திலும் தெளிவாகப் போட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. எங்களவர்கள் அதைப் போடவும் இல்லை, கேட்டபோது சொல்லவும் இல்லை. மூவ்-இன் தேதி நெருங்கிவிட்டதால் வந்த லாரியிலேயே ஏற்றி அனுப்பினோம். மதிப்பீடு அதே 900 என்று லாரிக்காரர் காகிதத்திலும் இருந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

கல்லூரி எங்களுக்குக் காலையில் இரண்டு மணி நேர ஸ்லாட் கொடுத்திருந்தது. அதற்குள் இறக்கிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்த குடும்பம் காத்திருக்கும். வளாகத்துக்குள் ஒருவழிப் பாதை, கார்களுக்கு மட்டும் அனுமதி. இதையெல்லாம் கல்லூரி அனுப்பிய கடிதத்தோடு முன்கூட்டியே கம்பெனிக்கு அனுப்பியிருந்தோம். அப்படியும் வந்து நின்றது பெரிய லாரி, அதுவும் ஸ்லாட் முடிந்து நெடுநேரம் கழித்து. வளாகத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் நிறுத்திவிட்டு, டிரைவர் ஒரு கிளிப் அட்டையோடு இறங்கி வந்தார். லாரியின் பின்கதவில் பூட்டு தொங்கியது. அதைத் திறக்கவே இல்லை.

"மீதி 1,400 டாலர். பணமாகக் கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன்" என்றார்.

மீதி 600 தானே என்று கேட்டால் கணக்கு வாசிக்கிறார். லாரி உள்ளே போக முடியாததால் சின்ன வண்டிக்கு மாற்றும் 'ஷட்டில்' கட்டணம், தூக்கிக்கொண்டு நடக்கும் தூரத்துக்கு 'லாங் கேரி', மாடிப்படிக்குத் தனி, எடை கூடியதற்குத் தனி. எடைச் சீட்டைக் காட்டச் சொன்னேன். ஆபீசில் இருக்கிறதாம். பணம் தராவிட்டால் சாமான்களைக் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவேன், அதற்கு நாள் வாடகை வேறு என்றார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியில் தலையணையும் விளக்கும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், இவள் பூட்டிய லாரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

என் மனைவிதான் நிதானமாக இருந்தாள். மாநிலம் விட்டு மாநிலம் சாமான் கொண்டுபோகும் கம்பெனிகள் நமக்குத் தர வேண்டிய உரிமைகள் கையேடு ஒன்று உண்டு. எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்கிற மத்திய அரசு அமைப்பு போட்டது. அதை ஏற்கெனவே படித்து வைத்திருந்தாள். "ஏங்க, மதிப்பீட்டுக்கு மேல பத்து சதவீதம்தான் இவங்க இப்ப கேட்க முடியும்" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மதிப்பீடு 'நான்-பைண்டிங்', அதாவது கடைசித் தொகை மாறக்கூடிய தோராய வகையாக இருந்தால், அதில் 110 சதவீதத்தைக் கொடுத்ததும் சாமானை இறக்கியே ஆக வேண்டும். 'பைண்டிங்' வகை என்றால் எழுதிய தொகை மட்டும்தான். லாரி உள்ளே போக முடியாதது மாதிரியான சிக்கல்களுக்குக் கட்டணம் போடலாம், ஆனால் அங்கேயே வசூலிக்கக்கூடியது மற்ற பாக்கியில் 15 சதவீதத்துக்குள்தான். அதற்கு மேல் பாக்கி என்று சொன்னால், 30 நாள் கழித்து பில் அனுப்பிக் கேட்கட்டும். எங்கள் கணக்கில் 900-க்கு 110 சதவீதம் 990. முன்பணம் 300 போக 690. ஷட்டிலுக்கு 15 சதவீதம் சேர்த்தாலும் 800-ஐத் தாண்டவில்லை. அவர் கேட்டதோ 1,400!

கையேட்டின் அந்தப் பக்கத்தை டிரைவரிடம் காட்டினோம். வளாகப் போலீஸ்காரர் ஒருவரையும் கூப்பிட்டோம். இது சிவில் விவகாரம், நான் தலையிட முடியாது என்றார். ஆனால் போகாமல் பக்கத்திலேயே நின்றார், அதுவே பெரிய உதவி. டிரைவர் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசியில் 800-க்குள் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். இறக்கியது அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே. ஷட்டிலும் இல்லை, மாடியும் இல்லை. கல்லூரித் தன்னார்வப் பிள்ளைகள்தான் தள்ளுவண்டிகளோடு ஓடி வந்து அறை வரைக்கும் கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் பார்த்தால் ஒரு பெட்டியைக் காணோம், மானிட்டர் பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருக்கிறது. 'அனைத்தும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற காகிதத்தில் டிரைவர் உடனே கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துக்கு மேலேயே 'ஒரு பெட்டி வரவில்லை, மானிட்டர் பெட்டி நசுங்கியிருக்கிறது' என்று எழுதி, படம் எடுத்த பிறகுதான் போட்டேன். நீங்களும் எழுதாமல் போடாதீர்கள்.

இழப்பீட்டுக் கதை இன்னும் மோசம். அவர்கள் அனுப்பிய படிவத்தில் 'ரிலீஸ்டு வேல்யூ' என்ற கட்டத்தில் முன்பே டிக் அடித்திருந்தது. அது என்ன என்று அப்போதே கேட்டோம், அடிப்படைக் காப்பீடு, இலவசம் என்றார்கள். உண்மையில் அதன் பொருள், ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே தருவார்கள் என்பது. 12 பவுண்டு மானிட்டருக்கு 7 டாலர் 20 சென்ட்! குளிர்கால ஜாக்கெட்டுகள் இருந்த 30 பவுண்டு பெட்டிக்கு 18 டாலர். முழு மதிப்புப் பாதுகாப்பு என்று இன்னொரு வகை இருக்கிறது, அது வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் இந்த 60 சென்ட் கணக்கு செல்லும். அதனால் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். இழப்பீடு கேட்க 9 மாத அவகாசம் உண்டு.

கம்பெனியைப் பிடிக்கும் முன் அவர்களுடைய யு.எஸ்.டாட் எண்ணை (மத்திய போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வாங்கி, எஃப்.எம்.சி.எஸ்.ஏ. தளத்தில் போட்டுப் பாருங்கள். புரோக்கரா, லாரி வைத்திருப்பவரா என்று அங்கேயே தெரிந்துவிடும். எண் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், டார்முக்கு மூவிங் கம்பெனியே தேவையில்லை என்பேன். டார்ம் கட்டில் பெரும்பாலும் 'ட்வின் எக்ஸ்எல்' என்ற நீளமான ஒற்றைக் கட்டில் அளவு, வீட்டில் இருக்கும் சாதாரண ட்வின் விரிப்பு நீளம் பற்றாது. எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். டார்கெட், வால்மார்ட் மாதிரி கடைகளில் ஆர்டர் போட்டு, கல்லூரிக்குப் பக்கத்துக் கிளையில் எடுத்துக்கொள்ளலாம். மருந்து, லேப்டாப், சான்றிதழ்கள், முதல் இரண்டு நாளைக்கான துணி ஆகியவை எந்த வண்டியிலும் ஏறக்கூடாது, பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1-888-368-7238 என்ற எஃப்.எம்.சி.எஸ்.ஏ. எண்ணில் புகார் கொடுங்கள். நாங்கள் புரோக்கர் மீதும் லாரிக்காரர் மீதும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறோம். ஒரே புகாராகப் போட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள்.